போகிக்கு முன்பே வந்து சேர வேண்டிய வாழ்த்து

தை பிறப்பதற்கு முந்தைய வாரங்களில் தபால்காரரின் பையைக் கனக்கச் செய்த பொங்கல் வாழ்த்து அட்டைகள் இன்று பெரும்பாலும் கைபேசிக்குள் போய்விட்டன. கரும்பும் மஞ்சள் கொத்தும் உழவரும், கூடவே கட்சித் தலைவர்களும் திரை நட்சத்திரங்களும் அச்சான அந்த அட்டைகளை, உறையின் வாயை ஒட்டாமல் ‘புக் போஸ்ட்’டில் சேர்த்த தலைமுறைதான் இப்போது வாட்ஸ்அப்பில் பொங்கல் பானைப் படம் அனுப்புகிறது. 1994இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் ஜூடித் டொனாத் உருவாக்கிய ‘எலெக்ட்ரிக் போஸ்ட்கார்டு’ என்ற சிறு தளத்தில் தொடங்கிய மின்வாழ்த்து, 2017 டிசம்பர் 31 அன்று இந்தியர்கள் வாட்ஸ்அப்பில் மட்டும் 2000 கோடிச் செய்திகள் அனுப்பும் அளவுக்கு வளர்ந்தது. அரசும் இந்த வழிக்கு வந்தது. 2020 செப்டம்பரில் மத்திய நிதி அமைச்சகம், அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் வங்கிகளும் நாட்காட்டி, நாட்குறிப்பு, பண்டிகை வாழ்த்து அட்டை எதையும் இனி அச்சிட வேண்டாம் என்று உத்தரவிட்டது. மாற்றம் நடந்து முடிந்துவிட்டது. ஆனால் அதற்குச் சூட்டப்பட்ட பெயரை மட்டும் இன்னும் யாரும் சரிபார்க்கவில்லை. காகிதத்தைத் தவிர்த்தேன், மரத்தைக் காப்பாற்றினேன், ஆகவே இது பசுமை வாழ்த்து என்கிறோம். நண்பருக்கு அனுப்பும் மின்வாழ்த்து உண்மையிலேயே சுற்றுச்சூழலுக்கு உதவுகிறதா, உதவுமென்றால் எந்த வழியில் என்பதே இங்கு ஆராய வேண்டிய கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மிச்சமாகும் காகிதத்தில் கிடைக்கும் பயன் மிகச் சிறியது. அந்த வாழ்த்து நண்பர் வீட்டுப் பழக்கம் ஒன்றை மாற்றினால் கிடைப்பது அதைவிடப் பல நூறு மடங்கு பெரியது. அப்படி மாற்ற வல்ல வாழ்த்தை எழுதத்தான் நாம் இன்னும் பழகவில்லை.

காகிதத்தின் கணக்கு எளிது. ஏ5 அளவுத் தாளை இரண்டாக மடித்துச் செய்த, 250 ஜி.எஸ்.எம். கனமுள்ள அட்டை ஏறக்குறைய 8 கிராம் எடை இருக்கும். உறையோடு சேர்த்தால் 12 கிராம். காகிதம் செய்வது, அச்சிடுவது, ஊர்விட்டு ஊர் கொண்டுபோவது எல்லாவற்றையும் தாராளமாகச் சேர்த்தாலும் ஓர் அட்டைக்கு 30 கிராம் கரியமில வாயு என்று வைத்துக்கொள்ளலாம். நூறு பேருக்கு அட்டை அனுப்பும் வழக்கத்தை ஒருவர் அடியோடு நிறுத்தினால் ஆண்டுக்கு மிச்சமாவது 3 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ வெளிவரும். ஆகவே அந்த நூறு அட்டைகளும் சேர்ந்து, சென்னையிலிருந்து செங்கல்பட்டுக்கு ஒருமுறை பைக்கில் போவதற்குச் சமம். மரக் கணக்கும் இப்படித்தான். ஒரு டன் காகிதத்துக்கு 17 மரங்கள் என்று பரவலாகச் சொல்லப்படும் தோராயத்தை ஏற்றுக்கொண்டால், ஒரு மரம் தப்பிக்கச் சுமார் 5000 அட்டைகளை நிறுத்த வேண்டும். தமிழ்நாட்டில் இந்தக் கணக்குக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்வதற்காகவே 1979இல் அரசால் நிறுவப்பட்டது. வழக்கமாகச் சக்கையை எரித்து நீராவி எடுக்கும் சர்க்கரை ஆலைகளுக்கு மாற்றாக எரிபொருளோ நீராவியோ கொடுத்து, அந்தச் சக்கையை வாங்கிக்கொள்கிறது. மரக்கூழுக்குத் தேவையான சவுக்கும் தைலமரமும் பெரும்பாலும் உழவர் நிலங்களில் பயிராக வளர்க்கப்பட்டு வெட்டப்படுபவை. காடு வெட்டி அட்டை அடிக்கிறார்கள் என்ற சித்திரம் இங்கே அவ்வளவாகப் பொருந்தாது.

காகித அட்டையில் உண்மையான கெடுதல் எங்கே இருக்கிறதென்றால், காகிதமல்லாத பகுதிகளில்தான். மேலே ஒட்டிய பிளாஸ்டிக் லேமினேஷன், தங்க நிறப் படலம், தொட்டால் விரலில் ஒட்டும் ஜிகினாத் தூள், திறந்தால் பாடும் அட்டைக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரி ஆகியவை அட்டையைப் பழைய பேப்பர் கடைக்கும் லாயக்கற்றதாக்குகின்றன. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்க நடப்புக்கு வந்த ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் தடையில், அழைப்பிதழ்களைச் சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாளும் பெயர் குறிப்பிட்டுச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஜிகினாவும் லேமினேஷனும் இல்லாத எளிய அட்டை, படித்து முடித்து எடைக்குப் போட்டால் மீண்டும் காகிதமாகும். ஆகவே அட்டையா திரையா என்று கேட்பதற்கு முன் எப்படிப்பட்ட அட்டை என்று கேட்பதே நியாயம்.

மறுபுறம், மின்வாழ்த்துக்கு எடையே இல்லை என்பதும் சரியில்லை. பிரிட்டனைச் சேர்ந்த மைக் பெர்னர்ஸ்-லீ 2010இல் வெளியிட்ட நூலில், ஒரு சாதாரண மின்னஞ்சலுக்கு 4 கிராம், கனமான இணைப்புள்ள மின்னஞ்சலுக்கு 50 கிராம் கரியமில வாயு என்று மதிப்பிட்டார். பத்தாண்டு கழித்துத் திருத்திய பதிப்பில், கைபேசியிலிருந்து கைபேசிக்குப் போகும் சிறு செய்திக்கான மதிப்பை ஒரு கிராமுக்கும் கீழே கொண்டுவந்தார். அந்த நூல் சொன்ன இன்னொரு செய்தி முக்கியமானது: செய்தி பயணிப்பதில் ஆகும் மின்சாரத்தைவிட, அதை எழுதவும் படிக்கவும் திரையின் முன் நாம் செலவிடும் நேரத்துக்கு ஆகும் மின்சாரமே அதிகம். எல்லாவற்றுக்கும் மேலாகக் கைபேசியைச் செய்வதிலேயே 50 முதல் 80 கிலோ வரை வாயு வெளியாகிவிடுகிறது. அதை ஓராண்டு கூடுதலாக வைத்திருப்பவர், ஆயிரக்கணக்கான வாழ்த்துகளைத் தவிர்த்ததைவிடப் பெரிய காரியம் செய்தவர். 2018 தொடக்கத்தில் வெளியான ஒரு செய்தியை இங்கே நினைவுகூரலாம். இந்தியர்களின் கைபேசிகள் ஏன் இப்படி இடமின்றித் திணறுகின்றன என்று ஆராய்ந்த கூகுள் ஆய்வாளர்கள், பூவும் சூரியனும் போட்ட ‘காலை வணக்கம்’ படங்களே பெரிய காரணம் என்று கண்டார்கள். நாட்டில் மூன்றில் ஒரு கைபேசியில் அன்றாடம் இடம் தீர்ந்துபோகிறது என்றும் சொன்னார்கள். கைபேசி நிரம்பிவிட்டது, புதிது வாங்கலாம் என்று ஒருவர் முடிவெடுத்தால், அந்த முடிவில் படங்களாகவும் காணொளிகளாகவும் குவிந்த வாழ்த்துகளுக்கும் பங்கு உண்டு. இத்தனையும் சேர்த்து எடைபோட்டாலும், நூறு கிலோபைட் அளவுள்ள ஒரு படம் தபாலில் போகும் அட்டையைவிட இலேசானதுதான். ஆனால் இரண்டும் இவ்வளவு சிறிய எண்களாக இருக்கும்போது எது சிறியது என்ற வாதத்திலேயே நின்றுவிடுவது, பசுமை வாழ்க்கை பற்றிய பேச்சை அற்பமான இடத்தில் முடக்கிவிடுகிறது.

பெரிய எண்கள் வேறிடத்தில் இருக்கின்றன. நம் வீடுகளில் சுழலும் வழக்கமான மின்விசிறி 75 வாட் எடுக்கும். பி.எல்.டி.சி. மோட்டார் பொருத்திய விசிறி 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். நாளுக்குப் பத்து மணி நேரம், ஆண்டுக்கு முந்நூறு நாள் என்று வைத்தால் ஒரு விசிறியில் மிச்சம் 135 யூனிட். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்பதால், ஆண்டுக்கு 95 கிலோ வரை குறைகிறது. மூவாயிரம் அட்டைகளை நிறுத்தியதற்குச் சமம், அதுவும் ஒரே ஒரு விசிறியில், அதுவும் ஆண்டுதோறும். ஏ.சி.யின் வெப்பநிலையை ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் அது எடுக்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய 6 சதவீதம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் மின்திறன் பணியகம். அறை ஏ.சி.கள் 24 டிகிரியில் தொடங்கும்படியே விற்பனைக்கு வர வேண்டும் என்ற விதியையும் 2020 ஜனவரி முதல் கொண்டுவந்தது. போகியன்று டயரும் பிளாஸ்டிக்கும் எரிக்காமல் இருப்பது, களிமண் பிள்ளையார் வாங்குவது, கடைக்கு மஞ்சப்பை கொண்டுபோவது போன்றவற்றைக் கிலோ கணக்கில் சொல்ல முடியாது. ஆனால் தெருவில் மூச்சுவிடும் குழந்தைக்கும் ஏரியில் வாழும் மீனுக்கும் அவற்றின் பயன் நேரடியானது. ஆகவே மின்வாழ்த்தை மதிப்பிட வேண்டிய அளவுகோல் இதுதான்: நண்பரின் வீட்டில் இப்படி ஒன்றை அது மாற்றுமா?

ஒரு நண்பரின் சொல்லுக்கு அந்த வலிமை உண்டு என்பதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. கோல்ட்ஸ்டீன், சியால்டினி, கிரிஸ்கெவிசியஸ் ஆகிய மூவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்க ஓட்டல் அறைகளில் துண்டை மறுமுறை பயன்படுத்தச் சொல்லும் சிறு அட்டைகளைப் பற்றியது. சுற்றுச்சூழலைக் காப்பாற்ற உதவுங்கள் என்ற வழக்கமான வாசகத்துக்கு 35 சதவீதம் பேர் இணங்கினார்கள். இங்கே தங்கிய விருந்தினர்களில் பெரும்பாலோர் துண்டை மறுமுறை பயன்படுத்தினார்கள் என்ற வாசகத்துக்கு 44 சதவீதம் பேர். இரண்டாவது சோதனையில், இதே அறையில் தங்கியவர்கள் அப்படிச் செய்தார்கள் என்று எழுதியபோது அது 49 சதவீதத்தைத் தொட்டது. வேண்டுகோளைவிட ‘உன்னைப் போன்றவர்கள் இதைச் செய்கிறார்கள்’ என்ற தகவலே ஆளை அசைக்கிறது. ஷூல்ட்ஸும் உடன் ஆய்ந்தவர்களும் 2007இல் கலிபோர்னியாவின் சான் மார்க்கோஸில் 290 வீடுகளில் செய்த சோதனை இதன் ஆபத்தையும் காட்டியது. அண்டை வீடுகளின் சராசரி மின்செலவைத் தெரிவித்ததும் கூடுதலாகச் செலவழித்தவர்கள் குறைத்தார்கள். ஏற்கெனவே சிக்கனமாக இருந்தவர்களோ, நாம்தான் அதிகம் கஷ்டப்படுகிறோம் போலிருக்கிறது என்று செலவைக் கூட்டிவிட்டார்கள். அவர்களுக்கு அனுப்பிய தாளில் ஒரு சிரித்த முகம் வரைந்து பாராட்டியதும் அந்தப் பின்வாங்கல் நின்றது. வாழ்த்து அட்டை என்ற வடிவத்தின் இயல்பே பாராட்டுவதுதான் என்பதால் இந்த முடிவு நமக்கு மிகவும் பொருந்துகிறது. ஏற்கெனவே நல்லது செய்துகொண்டிருக்கும் நண்பருக்கு அனுப்பும் பாராட்டும் பசுமை வாழ்த்துதான், அவர் விட்டுவிடாமல் இருக்க அது உதவுகிறது. இன்னொரு கலிபோர்னிய ஆய்வு, நோலன் குழுவினருடையது, 2008இல் வந்தது. எதற்காக மின்சாரத்தைச் சேமிக்கிறீர்கள் என்று கேட்டபோது மக்கள் சூழலை முதலில் சொன்னார்கள், அக்கம்பக்கத்தாரைக் கடைசியாகச் சொன்னார்கள். உண்மையில் அவர்கள் நடத்தையோடு மிக நெருக்கமாகப் பொருந்தியது அந்த அக்கம்பக்கம்தான். நண்பர்களைப் பார்த்துத்தான் மாறுகிறோம், ஆனால் அதை நாமே உணர்வதில்லை.

அனுப்புகிறவர் தாமே செய்து காட்டியவரா என்பதும் அதே அளவு முக்கியம். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஊர்தோறும் தன்னார்வலர்களைக் கொண்டு கூரைச் சூரியத் தகடுகளைப் பரப்பும் திட்டம் நடந்தது. கிராஃப்ட்-டாட் முதலானோர் 2018இல் அதைப் பகுத்துப் பார்த்தார்கள். தம் வீட்டில் தகடு பொருத்தியிருந்த தன்னார்வலர்கள், பொருத்தாமல் பிறருக்கு மட்டும் எடுத்துச் சொன்னவர்களைவிட 62.8 சதவீதம் அதிகம் பேரைச் சேர்த்திருந்தார்கள். நம் ஊரில் இதற்கு ஆய்வு தேடிப் போக வேண்டியதில்லை. சிவகங்கை மாவட்டத்தின் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியிலும் வேட்டங்குடிப்பட்டியிலும், வலசை வரும் பறவைகள் மிரண்டுவிடக் கூடாது என்று மக்கள் பல தலைமுறைப் பட்டாசுச் சத்தத்தைத் தாமாகவே விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். ‘பட்டாசைக் குறையுங்கள்’ என்ற பொது வாசகத்தைவிட அந்த இரு ஊர்களின் பெயர்கள் ஒரு தீபாவளி வாழ்த்தில் கூடுதலாக வேலை செய்யும். பட்டாசு இல்லாமலும் தீபாவளி நிறைவாக இருக்கும் என்பதற்கு அவர்கள் வாழும் சாட்சி.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். மிகக் கடுமையான எதிர்வாதம், மின்வாழ்த்து செயலுக்கு மாற்றாகிவிடும் என்பது. உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5இல் மரக்கன்று படம் ஒன்றைப் பகிர்ந்துவிட்டு, கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம் என்கிறார்கள். இது வெறும் சந்தேகமல்ல. மஸார், ஜோங் ஆகியோர் 2010இல் வெளியிட்ட சோதனைகளில், பசுமைப் பொருள்களை வாங்கியவர்கள் அதற்கு அடுத்த வேளையில் பிறரோடு பங்கிடுவதில் கை சுருக்கினார்கள். நல்லது ஒன்று செய்தாயிற்று என்ற திருப்தி அடுத்த நல்லதைத் தடுக்கிறது. கிறிஸ்டோஃபர்சன், ஒயிட், பெலோஸா ஆகியோரின் 2014 ஆய்வு இதை இன்னும் நுட்பமாகப் பிரித்துக் காட்டியது. ஒரு நோக்கத்துக்கு ஆதரவாக ஊரறியச் சிறு அடையாளம் காட்டியவர்கள் பிறகு உழைப்போ பணமோ கேட்டபோது அவ்வளவாக முன்வரவில்லை. அதே அடையாளத்தைத் தனியாக, யாரும் பார்க்காமல் காட்டியவர்கள் கூடுதலாக முன்வந்தார்கள். வாட்ஸ்அப்பில் ‘ஸ்டேட்டஸ்’ வைப்பதும் ஒருவருக்குத் தனியாக அனுப்புவதும் ஒன்றல்ல என்பதற்கு இது போதிய காரணம். ஸ்டேட்டஸில் வைத்த பசுமை வாழ்த்து, வைத்தவருக்கு நல்ல பெயரைத் தந்துவிட்டு அங்கேயே அடங்கிவிடலாம். பெயர் சொல்லி ஒருவருக்கு எழுதியது எழுதியவரையும் கட்டுகிறது, படித்தவரையும் தொடுகிறது.

யாரும் படிப்பதில்லை என்ற எதிர்வாதமும் இதோடு சேர்ந்ததே. ‘ஃபார்வர்டு’ செய்த படத்தின் மேல் வாட்ஸ்அப் ஓர் அம்புக்குறி போட்டுவிடுகிறது. பல கை மாறி வந்ததென்றால் இரட்டை அம்புக்குறி. படத்தைத் திறப்பதற்கு முன்பே, இது எனக்காக எழுதப்பட்டதல்ல என்பது பெறுகிறவருக்குத் தெரிந்துவிடுகிறது. வாழ்த்து அட்டை என்ற பழக்கமே உழைப்பைக் குறைப்பதற்காகப் பிறந்ததுதான். 1843இல் லண்டனில் ஹென்றி கோல், எழுத வேண்டிய பண்டிகைக் கடிதங்கள் மலையாய்க் குவிந்ததால் ஓவியர் ஹார்ஸ்லியிடம் ஒரு படம் வரையச் சொல்லி அச்சிட்டதுதான் முதல் வணிகக் கிறிஸ்துமஸ் அட்டை. அந்த அட்டையிலும் பெறுகிறவரின் பெயரை எழுத இடம் விட்டிருந்தது. புக் போஸ்டில் போன நம் பொங்கல் அட்டையிலும் ‘அன்புடன்’ என்பதன் கீழே கையெழுத்து இருந்தது, முகவரி எழுதிய கை இருந்தது. ஃபார்வர்டில் அந்தக் கடைசித் துளி உழைப்பும் போய்விட்டது. அதைத் திருப்பிக் கொண்டுவர அதிகம் வேண்டியதில்லை. இருநூறு பேருக்கு அனுப்புவதை விட்டு இருபது பேருக்கு அனுப்பலாம். ஒவ்வொன்றிலும் பெயரும், அவர் வீட்டுக்குப் பொருந்தும் ஒரு வரியும் இருந்தால் போதும்.

பண்டிகை நாளில் உபதேசம் செய்வது முறையா என்ற கேள்வியை நான் மதிக்கிறேன். நல்ல நாளில் ஒருவரைக் குறைசொல்வதுபோல் எழுதுவது நட்புக்கே கேடு. ஆனால் பொங்கல் வாழ்த்துக்குக் கருத்துச் சொல்வது புதிதல்ல. உதயசூரியனும் அண்ணாவின் முகமும் அச்சான அட்டைகள் வீடுவீடாகப் போய்த் தமிழர் திருநாள் என்ற எண்ணத்தை ஊன்றின. அவை யாரையும் கண்டிக்கவில்லை, நாம் இன்னார் என்று மகிழ்ச்சியோடு சொல்லின, அவ்வளவுதான். பசுமை வாழ்த்தும் அந்த வழியில் போகலாம். ‘போகியில் பிளாஸ்டிக் எரிக்காதீர்கள்’ என்பது கண்டிப்பு. ‘இந்தப் போகிக்கு எங்கள் வீட்டுப் பழைய பாய், கிழிந்த மெத்தை, டயர் எல்லாவற்றையும் துப்புரவுப் பணியாளரிடம் கொடுத்துவிட்டோம், வாசலில் நாலு வறட்டி மட்டும் கொளுத்துகிறோம், பிள்ளைகளுக்கு மேளம் உண்டு’ என்பது சேதி. அதில் அறிவுரை ஒரு சொல்கூட இல்லை. படிக்கிறவருக்கு என்ன செய்யலாம், எப்படிச் செய்யலாம், பண்டிகையின் மகிழ்ச்சி குறையாது என்ற மூன்றும் தெரிந்துவிடுகிறது. சென்னை மாநகராட்சி போகிக்கு முன்பு பழைய பொருள்களைத் தனியாகச் சேகரித்து வருகிறது. அந்த ஏற்பாடு இருப்பதே பல வீடுகளுக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்வது உபதேசமாகாது.

இங்கேதான் இதுவரை யாரும் போதிய கவனம் செலுத்தாத குறை ஒன்று இருக்கிறது. நம் பசுமை வாழ்த்துகள் எல்லாமே காலம் கடந்து வருகின்றன. பொங்கல் வாழ்த்து தை முதல் நாள் காலையில் வருகிறது. போகித் தீ அதற்கு முந்தைய விடியலிலேயே எரிந்து அடங்கிவிட்டது. 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் புகைமூட்டத்தால் விமானங்கள் தாமதமாயின, சில வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. அந்தப் புகையைக் குறைத்திருக்கக்கூடிய எந்தச் செய்தியும் மறுநாள் பொங்கல் படத்தோடு வந்து பயனில்லை. தீபாவளியில் இது இன்னும் மோசம். உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் பட்டாசு வெடிக்க இரண்டு மணி நேரமே அனுமதித்தது. தமிழ்நாட்டில் அது காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பிரிந்தது. பசுமைப் பட்டாசு மட்டுமே விற்கலாம் என்றும் சொன்னது. ஆனால் நம் ஊர்களில் பல வீடுகள் மாதச் சீட்டுக் கட்டிப் பட்டாசு வாங்குகின்றன. தீபாவளி விடியலில் ‘சத்தமில்லாத தீபாவளி’ என்று படம் வரும்போது பெட்டி ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது, பணமும் கொடுத்தாயிற்று. வாங்கிய பட்டாசைப் பிள்ளைகளின் கையிலிருந்து யாராலும் பிடுங்க முடியாது. பிள்ளையார் சதுர்த்திக்கும் இதே கதிதான். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020இல் திருத்திய வழிகாட்டு நெறிகளில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலைகளை விலக்கியது. களிமண் சிலை வேண்டுமென்றால் குயவரிடம் வாரங்களுக்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும். சதுர்த்தியன்று காலையில் வரும் வாழ்த்தால் அந்தக் குயவருக்கு ஒரு சிலைகூடக் கூடுதலாக விற்காது. காகித அட்டை தபாலில் முன்கூட்டியே போனது, கட்டாயத்தால்தான். நொடியில் போய்ச் சேரும் வசதி வந்ததும் நாம் கடைசி நொடிக்குத் தள்ளிவிட்டோம்.

சிவகாசியின் எதிர்வாதத்தையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்ற மூன்று தொழில்களில் நிற்கும் ஊர் அது. அட்டைக்கு ஜிகினா ஒட்டும், உறை மடிக்கும் வேலையில் பெண்களின் கை அதிகம். பசுமை என்ற பெயரில் அந்தக் கூலியைப் பறிப்பது நியாயமா என்று கேட்டால், நியாயமில்லை என்பதே என் பதில். வாழ்த்து அட்டைத் தொழிலைச் சுருக்கியது சூழல் அக்கறையன்று, கைபேசி. நிதி அமைச்சகத்தின் 2020 உத்தரவும் சிக்கனத்தையும் திறனையும் பேசியதே தவிர, மரத்தை முன்வைக்கவில்லை. செலவைக் குறைப்பதற்குப் பசுமைச் சாயம் பூசி, அதன் பாரத்தை அச்சகத் தொழிலாளர் தலையில் வைப்பதைச் சூழல் ஆர்வலர்கள் முதலில் எதிர்க்க வேண்டும். முன்பே பார்த்த கணக்கின்படி ஓர் எளிய அட்டையால் உலகம் மூழ்கிவிடாது. கைபேசி இல்லாத பாட்டிக்கும், படத்தைத் திறக்கத் தெரியாத பெரியப்பாவுக்கும் காகித அட்டையே அனுப்பலாம், லேமினேஷனும் ஜிகினாவும் இல்லாததாகப் பார்த்து. அவர்கள் அதை ஆண்டுக்கணக்கில் பத்திரமாக வைத்திருப்பார்கள். எந்தச் செயலியிலும் அவ்வளவு நாள் தங்கும் வாழ்த்து கிடையாது.

ஒரு நண்பரின் வாழ்த்தால் பெரிதாக என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு நேர்மையான விடை: கொஞ்சம்தான் ஆகும். அமெரிக்காவில் ஓபவர் நிறுவனம், சுமார் 6 லட்சம் வீடுகளை உள்ளடக்கிய சோதனைகளில், அக்கம்பக்கத்து மின்செலவை ஒப்பிட்டுத் தாள் அனுப்பியது. ஹண்ட் ஆல்காட் 2011இல் அதை ஆராய்ந்தபோது சராசரிக் குறைவு 2 சதவீதம்தான். அனல் மின்நிலையங்களையும் பேருந்து இல்லாத சாலைகளையும் வாழ்த்துகளால் சரிசெய்ய முடியாது, அதற்கு அரசுதான் பொறுப்பு. ஆனாலும் அந்த 2 சதவீதத்துக்கு ஆன செலவு வெறும் தாள்தான். தாளை நிறுத்திய பிறகும் பயன் உடனே மறையவில்லை, ஆண்டுக்கு 10 முதல் 20 சதவீதம் என்ற அளவில் மெல்லத்தான் தேய்ந்தது என்று ஆல்காட்டும் ராஜர்ஸும் 2014இல் கண்டார்கள். திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும் என்பதே இதன் பொருள். அதற்கு நம் பஞ்சாங்கத்தைப் போல வசதியான ஏற்பாடு வேறில்லை. மார்கழிக் கடைசி வாரத்தில் போகிச் சேதி, பங்குனியில் விசிறியும் 24 டிகிரி ஏ.சி.யும், ஆடியில் களிமண் பிள்ளையார், பட்டாசுச் சீட்டுத் தொடங்கும் மாதத்தில் தீபாவளி என்று ஆண்டுக்கு நான்கே வாழ்த்து அனுப்பினால் போதும்.

காகித அட்டையால் ஒருபோதும் செய்ய முடியாத ஒன்றை மின்வாழ்த்தால் செய்ய முடியும். அதன் உண்மையான மேன்மை, எடைக் குறைவைவிட இதில்தான் இருக்கிறது என்று கருதுகிறேன். பதில் அதே நாளில் திரும்பி வருகிறது. ‘நாங்களும் இந்த முறை டயர் எரிக்கலை’ என்று ஒருவர் எழுதினால், அடுத்தவருக்கு அனுப்பும் வாழ்த்தில் அதைச் சேர்க்கலாம். கல்லூரித் தோழர் குழுவில் பன்னிரண்டு பேர் இருந்து, அதில் ஏழு பேர் செய்தார்கள் என்றால், ஓட்டல் அறைத் துண்டில் வேலை செய்த அதே தகவல் நம் கையில் இருக்கிறது. முகம் தெரியாத விருந்தினர்களுக்கு மாறாக, இங்கே இருப்பவர்கள் பெயர் தெரிந்த நண்பர்கள். இரண்டே பேர்தான் செய்தார்கள் என்றாலும் மறைக்க வேண்டியதில்லை, கூட்டிச் சொல்லவும் கூடாது. ஸ்பார்க்மன், வால்டன் 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பல்கலைக்கழக உணவகத்தில் நின்றவர்களிடம், பத்தில் மூவர் இறைச்சியைக் குறைக்கிறார்கள் என்று சொன்னபோது 17 சதவீதம் பேர் இறைச்சியில்லா உணவு கேட்டார்கள். பத்தில் மூவர் இப்போது குறைக்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்று மாற்றிச் சொன்னதும் அது 34 சதவீதமானது. எண்ணிக்கை சிறியதாயினும் அது வளர்கிறது என்ற செய்தியே மனத்தை இழுக்கிறது. ‘போன போகிக்கு நான் ஒருத்தன்தான், இந்தப் போகிக்கு நாம் மூணு பேர், உங்க தெருவுல மாநகராட்சி வண்டி எத்தனை மணிக்கு வருதுன்னு கேட்டுச் சொல்லட்டுமா?’ என்று மார்கழிக் கடைசி வாரத்தில் ஒரு நண்பருக்குப் போகும் இரண்டு வரிக்குப் படமோ இசையோ தேவையில்லை. வேண்டுமென்றால் கீழே ஒரு கரும்பு வரைந்து அனுப்பலாம்.